கதிரவன் கேட்டானா?

1507-ஆம் ஆண்டு. மெக்சிகோப் பள்ளத்தாக்கில் ஓர் இரவு. அடுப்புகளெல்லாம் அணைக்கப்பட்டுவிட்டன. கோயிலிலும் நெருப்பில்லை; கொற்றவன் மாளிகையிலும் விளக்கில்லை. பழைய பாண்டங்கள் உடைத்தெறியப்பட்டுவிட்டன. மக்கள் கூரைமீது ஏறி நிற்கின்றனர். உறங்கத் துணிந்தார் ஒருவருமில்லை. கருவுற்ற பெண்கள் கொடிய விலங்காக மாறிவிடுவரோ என்று அஞ்சி, அவர்கள் முகத்தில் ஆனைக்கற்றாழை மடலால் முகமூடி இட்டுக் களஞ்சியத்தில் அடைத்துவைத்துள்ளனர். கண்ணயர்ந்தால் எலியாகிவிடுவர் என்று, பச்சிளங் குழந்தைகளைக் கிள்ளிக் கிள்ளி எழுப்புகின்றனர் பெற்றோர்.

ஏன் இந்த நடுக்கம்? எதற்காக இந்த இருள்?

52 ஆண்டுகள் கொண்ட காலச் சுற்று அன்றிரவு முடிகிறது. புதுநெருப்புப் பிறக்கவேண்டும், பிறவாவிடில் நாளைக் காலையில் கதிரவன் எழமாட்டான், உலகம் ஒழியும் - இது அவர்களுடைய நம்பிக்கை. நகருக்குத் தெற்கேயுள்ள குன்றின்மீது குருமார் நின்று விண்ணை நோக்குகின்றனர். கார்த்திகை மீன்கூட்டம் உச்சி கடக்கிறதா, இல்லையா? கடந்தது! உடனே, போரிற் பிடிபட்ட ஒருவனுடைய மார்பின்மீது தீக்கடைகோலை வைத்துக் கடைகின்றனர். பொறி பறக்கிறது. அந்த மார்பு பிளக்கப்படுகிறது. அவனது இதயம் அந்த நெருப்புக்கே உணவாகிறது. பந்தம் ஏந்திய ஓட்டக்காரர்கள் ஊர்தோறும் பறக்கின்றனர். அடுப்புகள் மீண்டும் எரிகின்றன.

மறுநாள் கதிரவன் எழுந்தான். எழாமல் எங்கே போவான்!

ஆனால், அந்த விடியலைக் கண்ட மக்கள் என்ன எண்ணியிருப்பர்? "கொடுத்தோம், அதனால் விடிந்தது" என்றுதான் எண்ணியிருப்பர். கொடாமலிருந்தாலும் விடிந்திருக்கும் என்பதை அறிய ஒரே வழிதான் உண்டு. ஒருமுறை கொடாமலிருந்து பார்க்கவேண்டும். அதைச் செய்யும் துணிவு எவருக்கும் வரவில்லை; வரவும் விடப்படவில்லை. சோதிக்கப்படாத அச்சம் அங்கே அரியணை ஏறிற்று. அந்த அச்சத்தின் கதையே அஸ்டெக் பேரரசின் கதை.

காட்டுமிராண்டிகள், இரத்தவெறியர் என்று ஒரே சொல்லில் அவர்களைத் தள்ளிவிடுவது எளிது. எளிதானது என்பதால் அது உண்மையாகிவிடாது. அஸ்டெக் என்று பிற்காலத்தவர் அழைத்த அம்மக்கள் தம்மை "மெஷிகா" என்றே சொல்லிக்கொண்டனர். மெக்சிகோ என்னும் நாட்டின் பெயரே அவர்கள் விட்டுச் சென்றதுதான். டெஸ்கோகோ ஏரியின் நடுவே, சேற்றிலும் நாணலிலும், அவர்கள் எழுப்பிய டெனோச்டிட்லான் நகரைக் கண்டு, ஐரோப்பாவின் பெருநகரங்களைப் பார்த்துப் பழகிய ஸ்பானியப் படைவீரர்களே கனவோ நனவோ என்று திகைத்தனர்.

ஏரியில் முளை அடித்து, வேலி பின்னி, சேற்றையும் நீர்ப்பூண்டையும் அடுக்கடுக்காகக் கொட்டி நிலம் உண்டாக்கினர். சினாம்பா என்பது அந்நிலத்தின் பெயர். நிலத்துக்கு ஏங்கியோர் நிலத்தையே படைத்தனர்! ஆண்டில் பலமுறை அறுவடை தந்தன அந்த மிதவைபோன்ற தோட்டங்கள். சொசிமில்கோவில் அவற்றின் எச்சத்தை இன்றும் காணலாம். கரையையும் நகரையும் இணைக்க ஏரியின் குறுக்கே சாலைகள். சபுல்தெபெக் ஊற்றிலிருந்து நன்னீர் கொணர இரட்டைக் கால்வாய். ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றொன்றில் நீர் ஓடும்! உப்புநீர் நன்னீரோடு கலவாதிருக்க, டெஸ்கோகோ மன்னர் நெசவால்கோயோட்டின் மேற்பார்வையில் ஏரிக்குள் நெடிய அணைக்கரை எழுந்தது. திலாதெலோல்கோ சந்தையில் நாள்தோறும் 60,000 பேர் கூடி வாங்கவும் விற்கவும் செய்தனர் என்று, அந்நகரை அழித்த கோர்ட்டெஸே தன் அரசனுக்கு எழுதினான்.

நம் வீட்டுக் குழம்பில் உறைக்கும் மிளகாயும், அதிற் கரையும் தக்காளியும் அந்த மண்ணின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்து உலகுக்கு ஈந்த கொடைகள். விண்மீனைக் கணித்தவர், வெள்ளத்தைத் தடுத்தவர், வேளாண்மையில் வியப்பு விளைவித்தவர் - அத்தகையவர், ஆளைக் கொன்றால்தான் ஆதவன் எழுவான் என்று எப்படி நம்பினர்?

அறிவு குறைந்ததால் அன்று. ஆராயும் உரிமை குறைந்ததால்!

அந்த வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். வடக்கேயிருந்து வந்த நாடோடிகள் மெஷிகர். அஸ்ட்லான் என்னும் இடத்தைத் தம் பூர்விகமாகக் கூறினர். பள்ளத்தாக்கில் ஏற்கெனவே குடியேறியிருந்தோர் அவர்களை விரட்டினர், வெறுத்தனர், கூலிப்படையாக மட்டும் வைத்துக்கொண்டனர். எவரும் விரும்பாத தீவு ஒன்றே அவர்களுக்கு எஞ்சியது. சப்பாத்திக்கள்ளியின்மேல் கழுகு அமர்ந்திருந்த இடமே தம் தெய்வம் காட்டிய இடம் என்று, 1325-ஆம் ஆண்டில் அங்கே நகர் கண்டனர் என்பது மரபு. மெக்சிகோ நாட்டுக் கொடியில் அக்கழுகை இன்றும் காண்கிறோம். நகர் கண்ட பின்னும் நூறாண்டுக் காலம் அஸ்கபோட்சால்கோ அரசுக்குத் திறை கட்டி வாழ்ந்தனர்.

1428-ஆம் ஆண்டில் நிலை மாறிற்று. இட்ஸ்கோவாட் என்னும் மெஷிக மன்னன், டெஸ்கோகோவின் நெசவால்கோயோட்டுடன் சேர்ந்து அஸ்கபோட்சால்கோவை வீழ்த்தினான். திலாகோபான் நகரும் உடன் சேர, மூவர் கூட்டணி பிறந்தது. மிதிபட்டவர் எழுந்தனர். கேட்கவே நெஞ்சம் நிமிர்கிறதல்லவா? தாழ்த்தப்பட்டோர் தலைநிமிரும் கதை எந்நாட்டிலும் இனிப்பதுதான். ஆனால், எழுந்தவர் செய்த முதற் செயல்களில் ஒன்று என்ன?

ஏடுகளை எரித்தனர்!

எதிரியின் ஏடுகளையல்ல, தம் சொந்த வரலாற்று ஏடுகளை! சஹாகூன் என்னும் துறவியிடம் மெஷிக முதியோர் பின்னாளில் சொன்ன செய்தி இது. பழைய ஓவிய ஏடுகளில் பொய் மலிந்துள்ளது. எல்லாரும் எல்லாவற்றையும் அறிவது தகாது - இவை எரித்ததற்குக் காட்டப்பட்ட காரணங்கள். பொய்யை ஒழிக்க ஏட்டை எரித்தார்களாம்! பொய்யை ஒழிக்க உண்மையை எழுதினாற் போதாதா? எரிந்தது பொய்யன்று, நண்பர்களே! நேற்றுவரை நாமும் திறை கட்டினோம், நாமும் பிறர் வாயிலில் நின்றோம் என்னும் நினைவு எரிந்தது. அந்த நினைவு இருந்தால், திறை கட்டும் அடுத்தவனைக் கண்டு இரக்கம் பிறந்திருக்கும். அந்த இரக்கத்துக்கு இடங்கொடாதிருக்கவே எரித்தனர்போலும்.

எரிந்த இடத்தில் புதுவரலாறு எழுந்தது. மெஷிகர் வெறும் மக்களல்லர். கதிரவனைக் காக்கப் பிறந்த கணத்தினர். அவர்களுடைய குலதெய்வமாகிய உயிட்சிலோபோச்ட்லி, நாள்தோறும் இருளோடு பொருதும் ஞாயிறே. போரிடும் அவனுக்கு உணவு வேண்டும். அவ்வுணவு மனிதக் குருதி! இந்தக் கொள்கையை அரசின் அடிப்படையாக்கியவர் திலாகாயெலெல் என்னும் அமைச்சர் என்று மெக்சிகோ அறிஞர் லியோன் போர்தில்லா முதலானோர் கருதினர். அவருடைய பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்பாரும் உளர். ஒருவர் செய்தாரோ, அவை கூடிச் செய்ததோ, அது நமக்குப் பெரிதன்று. நரபலி அவர்களுக்கு முன்பே அந்நிலத்தில் இருந்தது. அதை அவர்கள் படைக்கவில்லை. பழைய அச்சத்தைப் புதிய ஆட்சியின் தூணாக்கினர். அதுவே நாம் கருத்தில் கொள்ளவேண்டியது.

அந்தத் தூணைச் சுற்றி எத்தகைய சமுதாயம் எழுந்தது?

மேலே மேன்மக்கள், கீழே எளிய குடிகள், இடையே நெடுந்தொலைவு சென்று வாணிகம் புரிவோர், அடியிலே அடிமைகள். முதலாம் மாண்டெசூமா இயற்றியதாகக் கூறப்படும் சட்டங்களைப் பாருங்கள். எளியவன் பருத்தி உடுத்தலாகாது. கற்றாழை நார் ஆடையே அவனுக்கு. அவன் மேலாடை முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது. அரண்மனைக்குள் அவன் காலிற் செருப்பிருத்தல் ஆகாது. பொன்னும் மணியும் இறகும் இன்னார்க்கே என்று வரையறை. கதிரவன் எல்லார்மீதும் ஒன்றுபோற் காய்கிறான். ஆனால், அவனுக்காக நடக்கும் ஆட்சியில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே ஒரு கோடு!

கல்வியைப் பற்றிய செய்தி, ஆசிரியப் பணியிலுள்ள என்னைப் போன்றாரை முதலில் மகிழ்விக்கும், பின்னர் வருத்தும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே பள்ளி உண்டு. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் உலகின் எத்தனை நாடுகள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? ஆண் பெண் இருபாலரும் ஆடல் பாடல் பயிலும் கூடங்களும் இருந்தன. இதுவரை மகிழ்ச்சி. ஆனால் பள்ளிகள் இருவகை. எளியவர் பிள்ளைகள் சென்றது தெல்போச்கல்லி. அங்கே உடலுழைப்பும் போர்ப்பயிற்சியும் முதன்மை. மேன்மக்கள் பிள்ளைகள் சென்றது கல்மெகாக். அங்கே காலக்கணிதம், ஓவிய ஏடுகளைப் படிக்கும் கலை, சமயச் சடங்கு, சொல்வன்மை.

இந்தப் பிரிவினையின் பொருளை உணர்ந்தீர்களா? எளியவன் மகன், பகைவனை எப்படி உயிரோடு பிடிப்பது என்று கற்றான். மேன்மகன் பிள்ளை, பகைவனை ஏன் பிடிக்கவேண்டும் என்று கூறும் நாட்காட்டியைக் கற்றான். ஒருவனுக்கு எப்படி, மற்றவனுக்கு ஏன்! "ஏன்" என்னும் சொல் யாருடைய உடைமையோ, நாடு அவனுடைய உடைமை. இருவர்க்கும் பள்ளி இருந்தது. ஆயினும், வினா எழுப்பும் கருவி ஒருவனிடமே இருந்தது. அவனுக்கோ வினா எழுப்பவேண்டிய தேவையே இல்லை!

அச்சத்துக்கு ஊதியமும் இருந்தது. போரிற் பகைவரைச் சிறைபிடித்து வந்தவனுக்குச் சிறப்பாடை, சின்னம், பதவி. எளிய குடியிற் பிறந்தவன் உயரப் போர்க்களமே பெருவாயில். இன்னொருவனைப் பலிபீடத்துக்குக் கொணர்ந்தால் இவன் ஒரு படி ஏறலாம். ஏணி அமைத்தவர் எத்துணைக் கூரியர்! ஏழையின் ஏக்கத்தையே இன்னோர் ஏழையின் கழுத்துக்குக் கயிறாக முறுக்கிவிட்டனர். "கதிரவன் அழைக்கிறான்" என்று படை புறப்படும். திரும்பி வரும்போது பருத்தித் துணியும் கொக்கோ விதையும் பறவை இறகும் மூட்டை மூட்டையாகத் தொடரும். ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு செலுத்தியது என்பதை வரைந்து காட்டும் திறைப்பட்டியல் மெண்டோசா ஏட்டில் உள்ளது. குருதி கதிரவனுக்கு, கொக்கோ கருவூலத்துக்கு!

1450-க்குப் பின் சில ஆண்டுகள் உறைபனியும் வறட்சியும் பள்ளத்தாக்கை வாட்டின. 1454-ஆம் ஆண்டில் பஞ்சம் உச்சத்தை எட்டியது. மக்காச்சோளத்துக்காகப் பெற்ற பிள்ளைகளையே விற்றனர். வானம் பொய்த்தது, பலி குறைந்ததால் பொய்த்தது என்று கூறினர் போலும், பலி பெருகிற்று. கொடுத்தும் மழையில்லையெனில் கொடுத்தது போதவில்லை. மழை பெய்தாலோ, கொடுத்ததன் பயன்! எப்பக்கம் திருப்பினாலும் அந்தக் கணக்குத் தோற்பதில்லை. தோற்கவே முடியாத கணக்கை எவன் காட்டினாலும், தோற்பவன் அதை நம்புகிறவனே!

1487-ஆம் ஆண்டில் பெருங்கோயில் புதுக்கப்பட்டபோது 80,000-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்று பழைய நூல்கள் கூறும். அவ்வெண்ணை ஆராய்ச்சியாளர் நம்புவதில்லை, நாமும் நம்பவேண்டுவதில்லை. வென்றவன் தன் வலிமையைப் பெருக்கிக் காட்டுவான். அவனை வென்றவன் அவன் கொடுமையைப் பெருக்கிக் காட்டுவான். ஆனால் மண் பொய் சொல்வதில்லை. மெக்சிகோ நகரத் தலைமைத் தேவாலயத்தின் பின்புறம் 2015-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழ்வில், மண்டையோடுகளை அடுக்கிய சுவர் வெளிப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக்குள் 600-க்கு மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றுள் பெண்களுடையவை உண்டு, குழந்தைகளுடையவையும் உண்டு. 80,000 என்றால்தான் கொடுமையா? ஒரு குழந்தை போதாதா?

கேட்பர் சிலர்: "அவர்கள் மெய்யாகவே நம்பினர். உலகைக் காக்கும் கடமை என்று கருதியே செய்தனர். பலியானோருட் சிலரும் அதைப் பெருமையாகக் கருதினர். தம் காதிலும் நாவிலும் முள்ளாற் குத்தி, மன்னனும் குருவும் தம் குருதியைத் தாமே சிந்தினர். அவ்வாறிருக்க, அவர்களைக் குறைகூற நாம் யார்?"

நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை கூறவேண்டும். நம்பிச் செய்தவனுக்கும், நம்பாமல் பிறரை நம்பவைத்தவனுக்கும் வேறுபாடு உண்டு. நம்பியவன்மீது நமக்குச் சினத்தைவிட இரக்கமே மிகும். ஆனால், நம்பிக்கை நெஞ்சின் குற்றத்தைக் குறைக்கலாமேயன்றிக் கத்தியின் கூர்மையைக் குறைப்பதில்லை. பலிபீடக் கல்லின்மீது கிடந்தவனுக்கு, தன்மேல் குனிந்த குரு மெய்யாக நம்புகிறானா, வெறுமனே நடிக்கிறானா என்பதால் வலி கூடுமா, குறையுமா? சொட்டுக் குருதியைத் தானே சிந்தி எழுந்து செல்லும் மன்னனும், எழவே முடியாத அந்தக் கைதியும் ஒரே கடனையா செலுத்தினர்?

மேலும், அந்த மக்களிடையே ஐயமே எழவில்லை என்பதும் பொருந்தாது. நாவாட்டில் மொழியில் எஞ்சிய பழம்பாடல்கள் வாழ்வின் நிலையாமையை எண்ணிக் கலங்குகின்றன. இம்மண்ணில் எதுதான் மெய் என்று வினவுகின்றன. சிந்தித்த உள்ளங்கள் அங்கே இருந்தன! ஆனால் ஐயத்துக்குப் பாட்டில் இடமிருந்தது, பலிபீடத்தருகே இடமில்லை. பூவைப் பற்றி ஐயுறலாம், புகழைப் பற்றி ஐயுறலாம், "கதிரவன் கேட்டானா?" என்று மட்டும் அரசவையில் கேட்கலாகாது. அழகிய ஐயங்களை அனுமதித்து, ஆட்சியை அசைக்கும் ஐயத்தை மட்டும் அடைத்துவைத்தது அந்த நாகரிகம்.

அச்சத்தால் கட்டிய பேரரசு எப்படி முடிந்தது? 1519-ஆம் ஆண்டு கோர்ட்டெஸ் சில நூறு வீரர்களோடு கரையிறங்கினான். அந்தச் சிலரால் மட்டுமா டெனோச்டிட்லான் வீழ்ந்தது? திலாஸ்கலா மக்கள் ஆயிரமாயிரமாக அவனோடு சேர்ந்தனர். ஆண்டாண்டாகத் தம் பிள்ளைகளைப் பலிக்கு இழந்தோர் அவன் பக்கம் நின்றனர். பின்னர் பெரியம்மை வந்தது. மன்னன் குயிட்லாவாக்கையும் மாய்த்தது. மாதக்கணக்கில் முற்றுகை. 1521, ஆகஸ்ட் 13-இல் நகரம் விழுந்தது.

இனித்தான் அறவழக்கின் மறுபாதி. வந்தவன் அறம் காக்கவா வந்தான்? 1520-ஆம் ஆண்டு, கோயில் முற்றத்தில் விழாக் கொண்டாடி, படைக்கலமின்றி ஆடிக்கொண்டிருந்தோரை வாயில்களை அடைத்து வெட்டி வீழ்த்தியது அல்வராடோவின் படை. நரபலியைக் கண்டு நடுங்கியவர் நடத்திய விழா அது! 1539-ஆம் ஆண்டு, டெஸ்கோகோ அரசகுலத்துக் கார்லோஸ் என்பவர், புதிய சமயத்துக்கு மாறாகப் பேசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, மெக்சிகோ நகரில் எரிக்கப்பட்டார். நெசவால்கோயோட்டின் பேரர் அவர். பழைய குருமார் கடவுளுக்காக மனிதனைக் கத்தியால் கொன்றனர். புதிய குருமார் கடவுளுக்காக மனிதனை நெருப்பாற் கொன்றனர். நாகரிகம் வளர்ந்துவிட்டது என்று இதற்குப் பெயரோ?

1550-51-ஆம் ஆண்டுகளில் ஸ்பெயினில் வய்யதோலிது நகரில் பெருவழக்கு ஒன்று நடந்தது. செபுல்வேதா என்னும் அறிஞர் வாதிட்டார்: நரபலியிடுவோர் இயற்கையிலேயே அடிமையாகத் தக்கவர், அவர்மீது போர் தொடுப்பது முறையே. லாஸ் காசாஸ் என்னும் துறவி மறுத்தார்: அவர்களும் பகுத்தறிவுடைய மாந்தரே, தம் கடவுளுக்குத் தம்மிடமுள்ளதிற் சிறந்ததைத் தரவேண்டும் என்னும் உணர்வாலேயே அவ்வாறு செய்தனர், தவற்றைத் திருத்தும் வழி அறிவுரையேயன்றி வாளன்று. தீர்ப்பு எவர்க்கும் தெளிவாகக் கிட்டவில்லை. சுரங்கத்தில் வெள்ளி தோண்டிய கைகளுக்கோ விடுதலையும் கிட்டவில்லை.

நாம் தீர்ப்பளிப்போம். பலி கொடுமை. அந்தக் கொடுமையைக் காட்டி அம்மக்களை அடிமை கொண்டதும் கொடுமை. ஒன்று மற்றொன்றைக் கழுவாது. மூடநம்பிக்கையிலிருந்து மனிதனை மீட்கவேண்டும்; மூடநம்பிக்கை உடையவன் என்று சொல்லி மனிதனையே பறித்துக்கொள்ளலாகாது. மருத்துவன் நோயைத்தான் கொல்லவேண்டும்!

1507-க்குப் பின் 52 ஆண்டுகள் உருண்டன. 1559-ஆம் ஆண்டு வந்தது. பழைய கணக்கின்படி புதுநெருப்புக் கடையவேண்டிய காலம். குன்றின்மேல் அரசின் குருமார் இல்லை. எந்தக் கைதியின் மார்பிலும் தீக்கடைகோல் சுழலவில்லை. கார்த்திகை மீன்கூட்டம் வழக்கம்போல் உச்சி கடந்தது. காலையில், வழக்கம்போல், கதிரவன் எழுந்தான்!

அச்சம் பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்ட நாள் அது. மகிழவேண்டிய நாள். ஆனால் மகிழ்ந்தார் யார்? 1520-இன் அம்மையும், 1545-இன் கொள்ளைநோயும் ஊர்களைச் சுடுகாடாக்கியிருந்தன. எஞ்சியோர் புதிய ஆண்டைகளின் நிலத்தில் குனிந்திருந்தனர். தாமே கேட்டிருக்கவேண்டிய கேள்விக்குப் பகைவன் காலடியிற் கிடந்தபோது விடை வந்தது. உள்ளிருந்து எழுந்திருந்தால் அது விடுதலை. வெளியிலிருந்து திணிக்கப்பட்டதால் அது தோல்வி. ஒரு சமுதாயம் தன் கேள்வியைத் தானே கேட்கத் தவறும்போது செலுத்தும் விலை இதுதான்.

ஆயினும் அந்த மக்கள் மாண்டுவிடவில்லை. நாவாட்டில் மொழியை இன்றும் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். அவர்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரிகிறது. எந்த மார்பையும் கேளாமல் எரிகிறது.

உன்னிடம் எவரேனும் வந்து, "இதைக் கொடு, கொடாவிடில் உலகம் இருண்டுவிடும்" என்று சொன்னால், தோழனே, விண்ணைப் பார்க்குமுன் சொன்னவன் கையைப் பார். கணக்கேடு அங்கேதான் இருக்கும். கதிரவன் கணக்கு வைப்பதில்லை.